வடசென்னையில் கள்ள ஓட்டு எந்தத் தெருவில் விழும்? ஏழ்மையா, வீடு மாறுவதா?

21.12.2025, காலை 9.40 | தண்டையார்பேட்டை வாசகர்

சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வாக்காளர் வரைவுப் பட்டியல் 19-ஆம் தேதி வந்தாயிற்று. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14.25 லட்சம் பெயர் காலி. நாற்பது லட்சத்தில் இவ்வளவு. அப்படியென்றால் குப்பத்திலும் ஹவுசிங் போர்டிலும் இத்தனை வருஷம் இருந்த பெயர்களில் மூன்றில் ஒன்று போலி என்றுதானே அர்த்தம்? ஏழைகளும் படிக்காதவர்களும் இருக்கும் இடத்தில்தான் கள்ள ஓட்டு என்று சொன்னால் எல்லாரும் சண்டைக்கு வருகிறீர்கள். கணக்கே சொல்கிறதே.

21.12.2025, காலை 11.15 | பூத் சிலிப்

கணக்கு அதைச் சொல்லவில்லை. மாநிலம் முழுக்க நீக்கிய 97 லட்சத்துச் சொச்சத்தைப் பிரித்துப் பாருங்கள். இறந்தவர்கள் 26.94 லட்சம். இடம் மாறியவர்களும் வீட்டில் கிடைக்காதவர்களும் 66.44 லட்சம். இரட்டைப் பதிவு 3.39 லட்சம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீடு மாறியவர்கள், அல்லது பி.எல்.ஓ. (வீடு வீடாகச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள். சென்னையில் விகிதம் எகிறியதற்கு வாடகைதான் முதல் காரணம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கும் ஊர் இது.

பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அந்தப் பெயரில் இன்னொருவர் வந்து ஓட்டுப் போடுவது வேறு. முதலாவது அழுக்கு, இரண்டாவது குற்றம். அழுக்கு சேர்ந்தால் குற்றத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

21.12.2025, பிற்பகல் 1.05 | பூத் சிலிப்

மேலே சொன்னதற்கு ஒரு வாய்ப்பாடு. ஒரு பாகத்தில், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியலில், 1,000 பெயர். அதில் 250 பேர் செத்தவர்கள், போனவர்கள். மீதி 750 பேரில் 600 பேர் ஓட்டுப் போட்டால் பதிவு 60 சதவீதம். வடசென்னை நாடாளுமன்றத் தொகுதி 2024-இல் அறுபதை ஒட்டித்தான் நின்றது, "சென்னைக்காரன் சோம்பேறி" என்று டி.வி.யில் திட்டினார்கள். அதே 600 பேர் சுத்தம் செய்த பட்டியலில் 80 சதவீதம். அடுத்த தேர்தலில் சதவீதம் தாவிக் குதித்தால் யாரும் விழிப்புணர்வு விருது வாங்க ஓட வேண்டாம். வகுக்கும் எண் குறைந்திருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டால் கள்ள ஓட்டைக் கண்டுபிடிக்க ஒரு கருவி கிடைக்கும். கால்வாசி அழுக்கான பட்டியலில் உண்மையான பதிவு 75-ஐத் தாண்ட முடியாது. தாண்டியிருந்தால் அந்தப் பாகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏழைத் தெருவா, பணக்காரத் தெருவா என்பது அதற்கு அப்புறம்.

21.12.2025, இரவு 10.30 | கொருக்குப்பேட்டை கேட்

தலைவரே, ஏழ்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிடாதீர்கள். ஆர்.கே. நகர் 2017 மறந்துபோச்சா?

22.12.2025, காலை 7.20 | பூத் சிலிப்

மறக்கவில்லை. ஆனால் அது கள்ள ஓட்டு இல்லை, பட்டுவாடா, ஓட்டுக்குப் பணம். இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் குழம்புகிறது.

2017 ஏப்ரல் 12 நடக்க வேண்டிய இடைத்தேர்தலை 9-ஆம் தேதி ராத்திரி தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. வருமான வரிச் சோதனையில் கைப்பற்றியதாகச் சொன்ன தாள்களில் 89.65 கோடி ரூபாய், தலைக்கு 4,000 என்ற கணக்கு. இப்போது வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 2.24 லட்சம் தலை. தொகுதியில் அன்றைக்குப் பட்டியலில் இருந்த பெயர் சுமார் 2.6 லட்சம். அந்தத் தாள் உண்மையானால், பணம் போடுகிறவர் 15 சதவீதம் பெயரை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் பட்ஜெட் போட்டிருக்கிறார். செத்தவருக்கும் ஊரை விட்டுப் போனவருக்கும் யாரும் 4,000 கொடுப்பதில்லையே. அரசாங்கத்தின் கையில் இருந்ததைவிடச் சுத்தமான பட்டியல் பட்டுவாடாக்காரர் கையில் இருந்திருக்கிறது.

பட்டுவாடாவில் ஏழ்மை நிச்சயம் ஒரு காரணம். பல நாள் கூலிக்குச் சமமான தொகை என்றால் வாங்கத் தோன்றும். ஆனால் கூலி மட்டும் போதாது. கொடுக்கிறவர் வீடு வீடாக, பெயர் பெயராகத் தெரிந்த உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும். அதே தொகுதியில் டிசம்பரில் நடந்த தேர்தலில் 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று புகார் எழுந்தது. நோட்டின் வரிசை எண்தான் ரசீது, மீதி பிறகு. கடன் சொல்லி ஓட்டு வாங்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் நாளைக்கும் முகத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களாக இருக்க வேண்டும். ஆறு மாசத்தில் வீடு மாறுகிற வாடகைக்காரரிடம் இந்த வியாபாரம் ஓடாது.

22.12.2025, காலை 7.45 | பூத் சிலிப்

சேர்க்க மறந்தது: சட்டத்தில் இரண்டும் தனித்தனிப் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் லஞ்சம் 170, 173. ஆள்மாறாட்டம் 172, 174. பழைய தண்டனைச் சட்டத்தில் 171-இன் வால்களாக இருந்தவை. இரண்டுக்கும் உச்சத் தண்டனை ஓராண்டுதான்.

22.12.2025, இரவு 9.10 | பூத் சிலிப்

ஆள்மாறாட்டத்துக்கு வருவோம். இதை முடிவு செய்வது வருமானம் அல்ல, முகப்பரிச்சயம்.

சாவடிக்குள் கள்ள ஓட்டைத் தடுக்கும் முதல் ஆள் போலீஸ் இல்லை, உள்ளே உட்காரும் கட்சி ஏஜென்ட். "இவர் இவரில்லை" என்று அவர் சொல்லி, விதி 49-ஜே-யின்படி 2 ரூபாய் கட்டினால் தலைமை அலுவலர் விசாரித்தே ஆக வேண்டும். (இந்த எண்கள் எல்லாம் 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தும் விதிகளில் உள்ளவை. கட்டணம் இன்றைக்கும் 2 ரூபாய். ஒரு டீகூட வராது.) புகார் நிரூபணமானால் ஆளைப் போலீசிடம் ஒப்படைப்பார். ஆனால் இதற்கு ஏஜென்ட்டுக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும்.

காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களில் ஒரு பாகத்துக்குள் ஆயிரம் பேரென்றால் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். "ஏ, இது அவன் தம்பிடா" என்று வரிசையிலேயே குரல் வரும். அங்கே வேறொருவர் பெயரில் ஓட்டுப் போடுவது கஷ்டம். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு, "நம்மாளுக்குத்தான் போடணும்" என்ற அழுத்தம், அதெல்லாம் அங்கேதான் சுலபம். நேர் எதிர்: புதிதாகக் கட்டி, பல இடத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்து குடியமர்த்திய பலமாடிக் குடியிருப்பு. எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. ஏஜென்ட் உட்கார்ந்திருப்பார், ஆனால் யாரை ஆட்சேபிப்பார்? சவுகார்பேட்டை மாடிக் கடைகளிலும் இதே கதை, அங்கே யாரும் ஏழை இல்லை.

இதனால்தான் ஏஜென்ட் அதே பாகத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்று விதி.

23.12.2025, காலை 8.00 | மண்ணடி

கடைசி வரி தப்பு, பாய். பக்கத்துப் பாகத்து ஆளும் உட்காரலாம். அதையும் இப்போது தளர்த்திவிட்டார்கள்.

23.12.2025, காலை 8.25 | பூத் சிலிப்

சரி, தப்புதான். முதலில் அதே பாகம் அல்லது அக்கம்பக்கத்துப் பாகம். அங்கே ஆள் கிடைக்காவிட்டால் தொகுதிக்குள் எந்த வாக்காளரையும் போடலாம் என்று பிறகு ஆணையம் தளர்த்தியது. சின்னக் கட்சிகளுக்கு உதவி. ஆனால் திரு.வி.க. நகர்க்காரர் ஒருவர் அதே தொகுதியின் மறுகோடியில் போய் உட்கார்ந்தால் அவருக்கு யார் முகம் தெரியும்?

23.12.2025, மாலை 6.50 | பூத் சிலிப்

வீடு மாறுவது பற்றி யாரும் நுணுக்கமாகப் பேசுவதில்லை. வடசென்னையில் இது மூன்று விதமாக நடக்கிறது.

ஒன்று, இடித்துக் கட்டுவது. 1970-களில் குடிசை மாற்று வாரியம் (2021-இலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) கட்டிய அடுக்கு வீடுகள் பழுதாகிவிட்டன. இடித்துத் திரும்பக் கட்ட ஒன்றரை, இரண்டு வருஷம். அதுவரை அத்தனை குடும்பமும் வாடகைக்கு வெளியே. ஆனால் பாகத்தில் "பிளாக் எண், கதவு எண்" அப்படியே நிற்கும். கட்டடமே இல்லாத முகவரியில் முந்நூறு, நானூறு வாக்காளர்கள். பி.எல்.ஓ. போனால் பார்ப்பது தகர வேலியும் கம்பிக்கட்டும்தான். அவர் எல்லாரையும் "இடம் மாறியவர்" என்று எழுதினால் திரும்பி வரப்போகிற உண்மையான ஆள் ஓட்டை இழப்பார். எழுதாமல் விட்டால் அத்தனை பெயரும் ஆளில்லாமல் நிற்கும், யாராவது எடுத்துப் போட்டுவிடலாம். பி.எல்.ஓ.வைத் திட்டுகிறவர்கள் இந்த இக்கட்டை ஒரு தரம் யோசிக்கட்டும்.

இரண்டு, மறுகுடியமர்த்தல். ஆற்றங்கரையிலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம். இரண்டும் சோழிங்கநல்லூர்த் தொகுதி. அங்கே போய்ப் புதிதாகப் பெயர் சேர்க்கும்போது இங்கே பழைய பெயர் தானாக விழாது. 2022 ஆகஸ்டுக்கு முன் தொகுதி மாறினால் புதுப் படிவம் 6 கொடுப்பார்கள். பழைய முகவரியை அதில் ஒழுங்காக எழுதினால், அந்தத் தகவல் பழைய தொகுதி அலுவலருக்குப் போனால், அவர் நீக்கினால் உண்டு. ஒரு "ஆல்" விட்டுப்போனால் இரட்டைப் பதிவு. இப்போது இடமாற்றமும் படிவம் 8-இலேயே வந்துவிட்டது, பழைய பெயர் அதே வேலையில் மாறும். ஆனால் 2022-க்கு முன் போனவர்களின் பாக்கி நெடுநாள் கிடந்தது.

மூன்றாவது கல்யாணம். சிரிக்காதீர்கள். பெண்ணின் பெயர் அப்பா வீட்டில் "ப. செல்வி", புருஷன் வீட்டில் "மு. செல்வி". இரட்டைப் பதிவு தேடும் மென்பொருள் பெயர், உறவினர் பெயர், வயது, இவற்றைத்தான் ஒப்பிடுகிறது. பெயர் ஒத்துப்போகும், உறவினர் பெயர் ஒத்துப்போகாது. ஆக நம்மூர் இனிஷியல் வழக்கமே இரட்டைப் பதிவை மறைத்துவிடும். படம் ஒப்பிடும் இன்னொரு முறை உண்டு, அது பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் தடுமாறும். மறுபக்கம், மண்ணடியில் ஒரே தெருவில் நாலு முகமது இப்ராஹிம் இருந்தால் நாலு பேரும் "ஒத்த பதிவு" என்று சந்தேகப் பட்டியலில் ஏறுவார்கள். ஒரே மென்பொருள், ஓரிடத்தில் தூங்குகிறது, ஓரிடத்தில் ஊரைக் கூட்டுகிறது.

23.12.2025, இரவு 11.40 | மண்ணடி

நாலு இல்லை, எங்கள் பாகத்தில் ஆறு. ஒருவருக்கு "முஹம்மத்", இன்னொருவருக்கு "மொகமது". அச்சுப் பிழை புண்ணியத்தில் தப்பித்தார்கள்.

26.12.2025, காலை 6.30 | பூத் சிலிப்

செத்தவர் ஓட்டு. சாவுச் சான்றிதழ் கொடுப்பது மாநகராட்சி, பட்டியலில் இருந்து எடுப்பது பதிவு அலுவலர். இரண்டுக்கும் நடுவே பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 7 என்ற காகிதம், வழக்கமாக அதைக் குடும்பம்தான் கொடுக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு? இன்னொரு சிக்கல், இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் அல்ல. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இறந்த கும்மிடிப்பூண்டிக்காரர் ராயபுரம் பக்கத்துப் பதிவேட்டில் இருப்பார். மாநகராட்சியின் இறப்புப் பட்டியலை அப்படியே ராயபுரம் பாகங்களோடு வைத்துப் பார்த்தால் ஊர் பேர் தெரியாத பெயர்கள்தான் வரும். இறப்புப் பதிவுத் தரவை மின்னணு முறையில் நேரடியாக வாங்கப் போவதாக ஆணையம் 2025 மே மாதம் அறிவித்தது. முகவரியை ஒழுங்காக இணைத்தால் உபயோகம்.

முகவரி என்றதும் பழைய எண்/புதிய எண். சென்னையில் இது தனி புராணம். ஒரு வீடு "பழைய 14, புதிய 31". அப்பா 14-இல், மகன் 31-இல். காகிதத்தில் இரண்டு வீடு. தள ஆய்வில் ஒன்று பூட்டிய வீடு ஆகிவிடும்.

26.12.2025, பிற்பகல் 2.15 | தண்டையார்பேட்டை வாசகர்

சரி, ஏழ்மை பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நடைமுறையில் கள்ள ஓட்டு எப்படித்தான் விழுகிறது? அடையாள அட்டை பார்க்கிறார்கள், மை வைக்கிறார்கள், இயந்திரம் வேறு.

26.12.2025, இரவு 8.45 | பூத் சிலிப்

இயந்திரம் வந்ததும் சாவடியைப் பிடித்துக் குத்தித் தள்ளும் காலம் போயிற்று. நிமிஷத்துக்கு 4 ஓட்டுக்கு மேல் அது ஏற்காது, மணிக்கு 240. அதற்குள் அலுவலர் "குளோஸ்" பொத்தானை அழுத்திவிட்டால் முடிந்தது, மேற்கொண்டு ஓட்டு ஏறாது. ஆகவே இப்போது நடப்பது சில்லறை வியாபாரம்.

காலையிலிருந்து கட்சி ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் வந்தவர் பெயரை அடித்துக்கொண்டே வருவார்கள். மூன்று, மூன்றரை மணிக்கு அடிக்காத பெயர்தான் மிச்சம். அதிலிருந்து செத்தவர், போனவர், ஊருக்குப் போனவர் என்று பிரிப்பது வெளியே நிற்கும் ஆட்களின் வேலை. ஆள் வரமாட்டார் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் இதில் மூலதனம். தூண்டில் படகிலோ விசைப்படகிலோ பல நாள் தங்கல் போனவர் சாயங்காலம் வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். 2021-இல் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எல்லாரும் கரையில் இருந்தார்கள், 2024-இலும் அப்படியே.

அட்டை பார்க்கிறார்களே என்றால்: வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் 12 வேறு ஆவணம் செல்லும். பூத் சிலிப் மட்டும் 2019-இலிருந்து செல்லாது (என் பெயருக்கே மதிப்பு போச்சு). நெரிசலில், மங்கிய படத்தில், அடுத்த அலுவலர் கூப்பிடும் அவசரத்தில் படத்தையும் முகத்தையும் யார் ஒப்பிடுகிறார்கள்? மை சில்வர் நைட்ரேட், மைசூரிலிருந்து வருகிறது. வைத்து உலர விட வேண்டும். விரலில் முன்பே எண்ணெயோ மெழுகோ தடவியிருந்தால் பிடிக்காது. அதனால் முதலில் துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். துடைப்பதைப் பல இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஏ.எஸ்.டி. பட்டியல் என்று ஒன்று தலைமை அலுவலர் கையில் இருக்கும்: வராதவர், மாறியவர், இறந்தவர். அதில் உள்ள பெயரில் யாராவது வந்தால் கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும், உறுதிமொழியும், படமும் எடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இதைவிட நல்ல பூட்டு கிடையாது. ஏஜென்ட் காலையிலேயே "ஏ.எஸ்.டி. எத்தனை பேர்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் அதில் எத்தனை விழுந்தது என்று மறுபடி கேட்க வேண்டும்.

27.12.2025, காலை 7.05 | கொருக்குப்பேட்டை கேட்

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. 2021 தேர்தல் ஏப்ரல் 6. எங்கே கரையில்?

27.12.2025, காலை 7.30 | பூத் சிலிப்

பிடிபட்டேன். 2019 ஏப்ரல் 18, 2024 ஏப்ரல் 19, இரண்டும் தடைக்குள். 2021 தடைக்கு முன். 2011 ஏப்ரல் 13-உம் முன்தான், இரண்டு நாள் வித்தியாசம். ஆக மீனவர் பாகங்களில் வருஷத்துக்கு வருஷம் பதிவை ஒப்பிடும்போது தேதியைப் பார்க்காமல் ஒப்பிட்டால் வெறும் கடல் வேலையை மோசடி என்று படித்துவிடுவோம். என் தப்பே இதற்கு உதாரணம்.

27.12.2025, பிற்பகல் 12.50 | மண்ணடி

நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் 49-பி கேட்கலாம் என்று 'சர்கார்' படம் பார்த்த பையன்கள் எல்லாம் சொல்கிறார்கள்.

27.12.2025, இரவு 9.20 | பூத் சிலிப்

தமிழில் எழுதினால் இரண்டு "பி"யும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் பதினாறாவது எழுத்து. கேட்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். இயந்திரத்தில் அல்ல, காகிதச் சீட்டில். சாவடிக்கு 20 சீட்டு தருவார்கள், படிவம் 17-பி-யில் (இது இரண்டாவது எழுத்து, கடவுளே) கையெழுத்து. ஆனால் அந்தச் சீட்டை வாக்கு எண்ணிக்கையில் எண்ணமாட்டார்கள். வித்தியாசம் மிகக் குறைவாகி வழக்கு போய், நீதிமன்றம் சொன்னால்தான் உறை பிரியும். இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பெயரில் யாரோ போட்டார் என்பதற்கு அரசாங்கக் காகிதத்தில் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். எண்ணிக்கை சாவடியின் வாக்குக் கணக்குப் படிவமான 17-சி-யிலும் ஏறும்.

2.1.2026, காலை 10.10 | பூத் சிலிப்

வயதானவர்கள். இதுவரை யாரும் தொடவில்லை, எனக்கு இதுதான் அதிகக் கவலை. பார்வையில்லாதவரோ தள்ளாதவரோ துணையோடு வரலாம், விதி 49-என். துணை வருகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்கு மட்டும், உறுதிமொழி தர வேண்டும், விவரம் படிவம் 14-ஏ-யில் ஏறும். துணையாளின் வலது ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டும். அந்த மையை விட்டுவிட்டால் ஒரே பையன் ஐந்து பாட்டிகளுக்குத் துணையாகிவிடுவான்.

அடுத்தது வீட்டிலேயே ஓட்டு. 85 தாண்டியவர்களும் 40 சதவீத மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12-டி கொடுத்தால் குழு வீட்டுக்கு வரும், வீடியோ எடுக்கும். ஆனால் அந்த ஒரே அறை வீட்டில் மருமகனும் பேரனும் தோளோடு தோள் நின்றால் ரகசியம் எங்கே? இங்கிலாந்தில் பர்மிங்காமில் 2004 உள்ளாட்சித் தேர்தலில் தபால் ஓட்டு மோசடி நிரூபணமாகி, அடுத்த வருஷம் தேர்தல் நீதிபதி கடுமையான தீர்ப்பெழுதினார். கோளாறு இருந்த இடம், வாக்குச்சீட்டு சாவடிக்கு வெளியே நடமாடியதுதான்.

2.1.2026, பிற்பகல் 3.30 | தண்டையார்பேட்டை வாசகர்

நீக்குவதிலும் மோசடி உண்டா?

2.1.2026, இரவு 10.00 | பூத் சிலிப்

உண்டு. சேர்ப்பதைவிடச் சத்தமில்லாதது. படிவம் 7-ஐத் தொகுதியின் எந்த வாக்காளரும் இன்னொருவருக்கு எதிராகக் கொடுக்கலாம். நோட்டீஸ் வந்து, விசாரித்துத்தான் நீக்க முடியும். நோட்டீஸ் போகும் வீட்டில் வாடகைக்காரர் வேலைக்குப் போயிருப்பார், கதவு பூட்டியிருக்கும். ஆக இங்கேயும் அடிபடுவது வீடு மாறுகிறவர்கள், இரண்டு ஷிப்ட் போகிறவர்கள். பொய் உறுதிமொழிக்கு 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. மொத்தமாகக் கட்டுக்கட்டாய் வாங்கக் கூடாது என்றும் விதி. படிவங்களை வரிசையாக வைத்துக் கையெழுத்தைப் பாருங்கள். முப்பது படிவத்தில் "கு" ஒரே மாதிரி சுழித்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

உங்கள் பாகத்தின் பட்டியலில் தெருவாரியாகப் போய், விடுபட்டவர் ஒரே கட்டடத்திலோ ஒரே பக்கத்திலோ கொத்தாக இருக்கிறார்களா என்று பாருங்கள். சிதறி இருந்தால் இயல்பு. கொத்தாக இருந்தால், அந்தக் கட்டடம் இடிந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

4.1.2026, காலை 8.15 | பூத் சிலிப்

தனிச் செய்தியில் கேட்டவருக்கு: ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திடும் 17-ஏ பதிவேட்டில் என்ன தேடுவது என்றால், சாயங்காலம் ஐந்துக்கு மேல் பாக வரிசை எண்கள் தொடர்ச்சியாக ஏறுகிறதா என்று. மூன்று, நான்கு தொடர்ந்து வந்தால் குடும்பம். 212, 213, 214 என்று பதினைந்து போனால் யாரோ பட்டியலைப் பார்த்து வாசிக்கிறார்கள். இரண்டாவது, கையெழுத்துப் போடும் பாகத்தில் திடீரென்று கைநாட்டுகள். மூன்றாவது, ஆவணப் பத்தியில் எல்லாம் வாக்காளர் அட்டையாக இருந்து கடைசியில் வேறு ஆவணங்களாகக் குவிவது. ஆனால் 17-ஏ முத்திரை போட்டு வைக்கப்படும், விதி 93-இன்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்க முடியாது. தேர்தல் முடிவு வந்து 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், சாவடிக் காணொளியையும் இப்போது 45 நாள்தான் வைக்கிறார்கள். கையில் உடனே கிடைப்பது 17-சி நகல். சாவடி மூடும்போது தலைமை அலுவலர் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தர வேண்டும்.

4.1.2026, காலை 8.40 | கொருக்குப்பேட்டை கேட்

எங்கள் பக்கம் ஏஜென்ட் ஐந்தரைக்கே பிரியாணிக்குக் கிளம்பிவிடுவார்.

4.1.2026, காலை 8.42 | பூத் சிலிப்

பார்சல் வாங்கி உள்ளே அனுப்புங்கள். 17-சி வாங்காமல் எழுந்திருக்க விடாதீர்கள்.